பாமர்ஸ்டன் தீவுக்குப் பாய்மரப் படகில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் பசிபிக்கில் குக் தீவுகளைச் சேர்ந்த பாமர்ஸ்டன் என்ற பவளத்தீவுக்கு, நண்பர் ஒருவரின் 38 அடிப் படகில் உதவி ஆளாகப் போய் வந்தேன். அங்கே இருந்தது மூன்றே நாள். திரும்பி வந்ததிலிருந்து கல்யாண வீட்டிலும் சரி, ரயிலிலும் சரி, ஒரே கேள்விகள்தான் வருகின்றன. எல்லாவற்றுக்கும் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அது எங்கேதான் இருக்கிறது?

நியூசிலாந்துக்கு வடகிழக்கே, நடுக்கடலில். குக் தீவுகளின் தலைத்தீவான ராரோதோங்காவிலிருந்து வடமேற்கே சுமார் 500 கிலோமீட்டர். படகுக்காரர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பொலினீசியாவின் போரா போரா பக்கமிருந்து வருவார்கள். அது 650 கடல் மைலுக்கு மேல். காற்று ஒத்துழைத்தால் ஐந்து நாள், இல்லாவிட்டால் ஆறு, ஏழு. அங்கிருந்து மேற்கே அடுத்த தீவான நியுவே இன்னும் 400 கடல் மைல் தள்ளி.

வட்டமாக ஒரு பவளப்பார், உள்ளே அமைதியான காயல், பாரின் மேல் அங்கங்கே மணல் திட்டுகள். (நம் மன்னார் வளைகுடா மீனவர்கள் ‘பார்’ என்கிறார்களே, அதேதான்.) காயல் 11 கிலோமீட்டர் அகலம் இருந்தும், எல்லாத் திட்டுகளையும் சேர்த்தால் நிலம் இரண்டு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். ஆள் இருப்பது ஒரே திட்டில். 2011 கணக்கெடுப்பில் மொத்தம் 60 பேர், அதற்கப்புறம் இன்னும் குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் இதைவிட அதிகம்.

விமானத்தில் போக முடியாதா?

முடியாது, ஓடுதளம் இல்லை. ராரோதோங்காவிலிருந்து சரக்குக் கப்பல் வரும். வருடத்தில் சில தடவைதான், தேதி சொல்லி வராது. அதனால் வெளியாள் என்று அங்கே போகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள்.

எந்த மாதத்தில் போகலாம்?

மே முதல் அக்டோபர் வரை. அப்போது தென்கிழக்கிலிருந்து ஒரே சீராகக் காற்று அடிக்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம், அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கும்?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நானும் ஆசையாகப் பதில் சொல்வது இதற்குத்தான்.

முதலில் தீவு தெரியாது. கடைசி ராத்திரி தூங்காமல் வரைபடத்தையும் ரேடாரையும் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். விடிந்ததும் அடிவானத்தில் தென்னை மரங்களின் தலை மட்டும் தெரியும். தண்ணீரிலிருந்தே முளைத்த மாதிரி இருக்கும். தீவில் ‘மலை’ என்று அவர்கள் சொல்லும் மேட்டின் உயரமே ஆறு மீட்டர் அளவுதான்.

கிட்டே வந்ததும் வானொலியில் 16-ஆம் அலைவரிசையில் கூப்பிட வேண்டும். நாங்கள் கூப்பிட்டு முடிப்பதற்குள் வெள்ளை நுரைக் கோட்டின் நடுவிலிருந்து ஒரு அலுமினியப் படகு குதித்து வெளியே வந்தது. பாரில் இருந்த அந்த இடைவெளி எங்கள் கண்ணுக்குத் தெரியவே இல்லை. படகில் நின்றுகொண்டு வந்தவர் செருப்பில்லாமல், ஓர வளையம் பிய்ந்த தொப்பியோடு. எங்களைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தார். “என் பின்னாலேயே வாங்க” என்று கையைக் காட்டினார். பாரின் மேற்குப் பக்கத்தில் தீவுக்காரர்கள் போட்டு வைத்திருக்கும் கட்டுமிதவைகளில் ஒன்றைக் காட்டி, கயிற்றைத் தானே எடுத்துக் கொடுத்து, எங்கள் படகைக் கட்டும் வரைக்கும் பக்கத்திலேயே இருந்தார்.

சரி, இதில் என்ன விசேஷம்? விசேஷம் என்னவென்றால், அந்த நிமிடத்திலிருந்து நாங்கள் அவர் வீட்டு விருந்தாளிகள். பாமர்ஸ்டனின் வழக்கம் அது. வருகிற படகை எந்தக் குடும்பம் முதலில் வந்து தொடுகிறதோ, அந்தப் படகு இருக்கும் வரை அந்தக் குடும்பத்தின் பொறுப்பு. கரைக்கு அழைத்துப் போவது, சாப்பாடு போடுவது, சாயங்காலம் படகில் கொண்டுவந்து விடுவது எல்லாம் அவர்கள்தான். அடுத்த தடவை நீங்கள் வந்தாலும் அதே வீடுதான். நீங்களாக இன்னொரு வீட்டுக்கு மாறிக்கொள்ள முடியாது, மாறக் கூடாது.

வீட்டுக்குப் போகும் முன் அரசு வேலை முடிய வேண்டும். வலது பக்கம் மஞ்சள் கொடி ஏற்றிக் காத்திருந்தால், குடிவரவு, சுகாதாரம், தாவர-விலங்குப் பாதுகாப்பு என்று அதிகாரிகள் படகுக்கே வருவார்கள். அதிகாரி என்றதும் சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தோம். வந்தவர் எங்களை அழைத்துவந்தவரின் சொந்தக்காரர். அங்கே யார்தான் சொந்தக்காரர் இல்லை! ஆனால் படிவத்தில் ஒரு கட்டம்கூட விடவில்லை. போரா போராவில் ஆசைப்பட்டு வாங்கிய மாம்பழம் ஐந்தும் பையோடு போயிற்று. தப்பு எங்களுடையதுதான், முதல் நாளே தின்று தீர்த்திருக்க வேண்டும்.

நம்மிடமே சின்னப் படகு இருக்கிறதே, நாமே கரைக்குப் போகக் கூடாதா?

வேண்டாம். முதல் காரணம் பார். பாய்மரப் படகு காயலுக்குள் போகிற அளவுக்கு வழியே கிடையாது. சின்னப் படகு போகும் வழி வளைந்து வளைந்து போகும், இருபக்கமும் பவளம், நடுவே வெளியே தள்ளும் நீரோட்டம். அதைச் சிறுவயதிலிருந்து ஓட்டிப் பழகியவர்கள் இடதுகையால் ஓட்டுகிறார்கள். நமக்கு அது கைவராது.

இரண்டாவது காரணம் மரியாதை. அது யாரோ ஒருவருடைய வீட்டு முற்றம். நம் ஊரில் வாசலில் நின்று குரல் கொடுக்காமல் நேரே அடுக்களைக்குள் போவோமா? அதேதான்.

எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயராமே, உண்மையா?

ஏறக்குறைய உண்மை. பள்ளிக்கு, வேலைக்கு என்று வெளியிலிருந்து வந்த ஓரிருவரை விட்டால் எல்லோரும் மார்ஸ்டர்ஸ்.

கதை இப்படி. கேப்டன் குக் 1774-இல் இந்தத் தீவைக் கண்டு, அப்போது பிரிட்டிஷ் கடற்படை வாரியத்தில் இருந்த பாமர்ஸ்டன் பிரபுவின் பெயரை வைத்தார். ஆனால் இறங்கவில்லை. 1777-இல் மறுபடி வந்தபோதுதான் ஆட்களை இறக்கினார், அதுவும் கப்பலில் இருந்த மாடுகளுக்குத் தீவனம் தேடி. அப்போது ஆள் குடியிருப்பு இல்லை. 1863-இல் வில்லியம் மார்ஸ்டர்ஸ் என்ற ஆங்கிலேயர் வந்தார். தஹீத்தியில் இருந்த ஒரு வணிகருக்காகத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்வது வேலை. வடக்கே பென்றின் தீவைச் சேர்ந்த மனைவியோடும் அவருடைய உறவுக்காரப் பெண்ணோடும் வந்து, கடைசியில் மூன்று மனைவிகள், மூன்று குடும்பங்கள் என்று ஆனது.

மனிதர் முன்யோசனைக்காரர். தீவையும் பாரையும் சுற்றியுள்ள திட்டுகளையும் மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு மனைவியின் வாரிசுகளுக்கும் ஒன்று என்று எழுதிவைத்தார். ஒரே கிளைக்குள் திருமணம் கூடாது என்றும் விதித்தார். 1899-இல் இறந்தார். கல்லறை தேவாலயத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. 1954-இல் தீவின் உரிமை சட்டப்படி குடும்பத்துக்கே வந்தது. இன்றும் மூன்று கிளைதான். மணல் பாதையில் நடக்கும்போது “இந்த மரம் வரை நாங்கள், அதற்கப்பால் அவர்கள்” என்று கூட வந்த பையன் காட்டிக்கொண்டே வந்தான். வேலி எதுவும் இல்லை. பங்காளிச் சண்டை உண்டா என்று கேட்டேன். சிரித்தான். உண்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வந்த படகை முதலில் தொடுபவருக்கே விருந்தாளி என்ற வழக்கத்துக்கும் இந்தப் பங்கீட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது என் கணிப்பு. மூன்று கிளை, வருஷத்தில் சில மாதம்தான் படகு வரும். படகோடு கயிறு, எரிபொருள், மாவு, புதுப் பேச்சு எல்லாம் வரும். யாருக்குப் போவது என்று சண்டை வராமல் இருக்க, யார் முந்துகிறாரோ அவருக்கு என்பதைவிட எளிய நீதி ஏது? விருந்தோம்பலை வெறும் நல்ல மனசு என்று நினைத்துப் போனவன் நான். அது ஒரு ஏற்பாடும்கூட என்று புரிந்த பிறகு அதன் மேல் மதிப்புக் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதல் மார்ஸ்டர்ஸ் கட்டிய வீடு இருக்கிறதா?

இருக்கிறது. உடைந்த கப்பல்களிலிருந்து கிடைத்த பெரிய பெரிய உத்தரங்களை வைத்துக் கட்டியது. 1926 புயலில் தீவே அடிபட்டபோதும் நின்றது. உள்ளே போய் அந்த உத்தரத்தில் கைவைத்துப் பாருங்கள், ஆணி அடித்த பழைய துளைகள் விரலுக்குத் தட்டுப்படும்.

என்ன மொழி பேசுகிறார்கள்?

ஆங்கிலம். குக் தீவு மாவோரியும் உண்டு. ஆனால் வில்லியம் கொண்டுவந்த பழைய இங்கிலாந்துக் கிராமத்து உச்சரிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘மாஸ்டர்ஸ்’ என்ற பெயர் ‘மார்ஸ்டர்ஸ்’ ஆனதே அவர் உச்சரித்த விதத்தால்தான் என்று சொல்வார்கள். முதல் நாள் எனக்குப் பாதி புரியவில்லை.

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: குக் தீவுகளில் வயதான பெண்களை மரியாதையாக ‘மாமா’ என்று கூப்பிடுவார்கள். ஆண்களை ‘பாப்பா’. எழுபது வயதுப் பாட்டியை மாமா என்றும் அவர் கணவரைப் பாப்பா என்றும் கூப்பிட எனக்கு ஒன்றரை நாள் ஆயிற்று. கூப்பிடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்து அவர்களுக்கும் சந்தேகம்.

சாப்பாடு எப்படி? சைவக்காரர்கள் என்ன செய்வது?

மதியச் சாப்பாடு விருந்து கொடுக்கும் வீட்டில். மீன், சோறு, தேங்காய், சில நாள் கோழி. மீன் என்றால் பெரும்பாலும் கிளிமீன். கிளி மூக்கு மாதிரி அலகு வைத்துப் பவளத்தைக் கொறிக்கும். அதை வெட்டித் துண்டாக்கி உறையவைத்து ராரோதோங்காவுக்கு அனுப்புவதுதான் தீவின் முக்கிய வருமானம்.

சைவக்காரர்கள் முன்பே சொல்லிவிட்டால் பட்டினி போட மாட்டார்கள், ஆனால் சங்கடப்படுவார்கள். எங்கள் நண்பர் சைவம். இரண்டாம் நாள் நாங்களே படகிலிருந்து பிரஷர் குக்கர், துவரம்பருப்பு, புளி எல்லாம் எடுத்துப்போய் மாமாவின் அடுக்களையில் சாம்பார் வைத்தோம். முதல் விசிலுக்கு வாசலில் இருந்த பிள்ளைகள் ஓட்டம் பிடித்தார்கள். இரண்டாவதற்குத் திரும்பி வந்தார்கள். மூன்றாவதற்கு முன்பே எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்று. முளைவிட்ட தேங்காய்க்குள் பஞ்சு மாதிரி இருக்குமே, சென்னையில் தள்ளுவண்டியில் தேங்காய்ப்பூ என்று விற்பார்களே, அதை அங்கே ‘உத்தோ’ என்கிறார்கள். அப்படியே தின்னலாம், மாவோடு சேர்த்துச் சுட்டும் தருவார்கள். ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

இதற்கெல்லாம் எவ்வளவு காசு?

அரசாங்கக் கட்டணம் உண்டு, மிதவைக்கும் தனியாக உண்டு. தொகை மாறும் என்பதால் நான் எழுதவில்லை. செல்லுபடியாவது நியூசிலாந்து டாலர், ரொக்கமாக வேண்டும். வங்கியோ ஏடிஎம்மோ எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

சாப்பாட்டுக்குக் காசு கேட்க மாட்டார்கள். அதற்காகக் கையை வீசிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது அழகில்லை. அங்கே கைமாறு என்பது வேலை. நண்பருக்கு மின்வேலை தெரியும். குளிர்பெட்டி ஒன்றைத் திறந்து பார்த்து, இரண்டு கம்பிகளை மாற்றி ஓட வைத்தார். எனக்கு அந்தக் கைத்திறன் எல்லாம் கிடையாது. மீன் கழுவினேன், தென்னை மட்டை கூட்டினேன், ஒரு பையனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

பரிசாக என்ன எடுத்துப் போகலாம்?

கப்பல் எப்போது வரும் என்று தெரியாத ஊரில் என்ன தீர்ந்துபோகும் என்று யோசியுங்கள். மாவு, அரிசி, சர்க்கரை, நல்ல கயிறு, தூண்டில் முள், பேட்டரி, என்ஜின் எண்ணெய், பெட்ரோல், பள்ளி நோட்டு. போரா போராவிலிருந்தே கேட்டு எழுதினால் இன்னும் நல்லது. சிலசமயம் யாராவது கொடுத்தனுப்பும் பார்சலையும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்வார்கள், மறுக்காதீர்கள். பழம், காய், செடி, விதை வேண்டாம். மாம்பழக் கதை மேலே சொல்லியாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தால்?

ஞாயிறு அங்கே வேலை கிடையாது. மீன்பிடிப்பதும் இல்லை. தேவாலயத்துக்கு உங்களையும் அழைப்பார்கள். ஆண்கள் முழுக்கால்சட்டை, பெண்கள் முழங்கால் மறைக்கும் உடை, முடிந்தால் தொப்பி. பாதிரியார் பேசியது எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பாட்டு ஞாபகம் இருக்கிறது. இருபது முப்பது பேர், வாத்தியம் எதுவும் இல்லாமல், ஆண்கள் அடியில் முழங்க, பெண்கள் மேலே வெட்டிப் பாடும்போது பலகைச் சுவர் அதிர்ந்தது.

எத்தனை நாள் தங்கலாம்?

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் ஊரில் சொல்வார்கள். அங்கே அதைக் காற்று முடிவுசெய்கிறது. தென்கிழக்குக் காற்று அடிக்கும் வரை தீவு உங்களுக்கு மறைப்பு, படகு பாரிலிருந்து வெளிப்பக்கமாக நிற்கும். காற்று மேற்கே திரும்பினால், நம் கடற்கரையில் கச்சான் என்பார்களே, அது வந்தால், படகு பாரை நோக்கித் திரும்பும். பின்னால் சில மீட்டரில் பவளம். அப்புறம் தங்குவதாவது! கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அப்படி யாருக்காவது ஆகியிருக்கிறதா?

எங்களுக்கே. மூன்றாம் நாள் சாயங்காலம் காற்று விழுந்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி. மிதவைக் கயிறு படகின் மூக்கில் உரசும் இடத்தில் துணியோ குழாயோ சுற்ற வேண்டும். அதை நான் சுற்றுகிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். ராத்திரி மூன்று மணிக்கு வானொலியில் எங்களை அழைத்துப்போன வீட்டுக்காரர் குரல்: “முழிச்சிருக்கீங்களா? காற்று திரும்புது. இப்பவே போங்க.” விளக்கடித்துப் பார்த்தால் கயிற்றில் மூன்று புரியில் ஒன்று அறுந்து தொங்குகிறது. என்ஜினைப் போட்டு, அறுந்த கயிற்றை விட்டுவிட்டு, இருட்டில் மேற்கே நகர்ந்தோம். நண்பர் என்னைத் திட்டவில்லை. நியுவே வரும் வரை என்னோடு அதிகம் பேசவும் இல்லை.

அதனால் ஒவ்வொரு ராத்திரியும் படகில் ஒரு ஆளாவது படுங்கள். கரையில் தூங்கச் சொல்லி அன்பாகத்தான் கேட்பார்கள். மன்னிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.

படகோட்டத் தெரியாத நான் போக முடியுமா? இந்தியப் பாஸ்போர்ட்டில் சிக்கல் உண்டா?

உதவி ஆளாகப் போகலாம். சமைக்கத் தெரிந்தால், கடல் குமட்டல் இல்லாவிட்டால், ராத்திரிக் காவலுக்குச் சோம்பாவிட்டால், எந்தப் படகும் சேர்த்துக்கொள்ளும். விசா வேலைதான் பெரிய வேலை. பிரெஞ்சுப் பொலினீசியாவுக்கு, நியூசிலாந்து வழி விமானத்துக்கு, குக் தீவுகளுக்கு என்று மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். குக் தீவுகள் 1965 முதல் தன்னாட்சி நாடு, குடிவரவு அதிகாரிகளும் தனி. திரும்பும் விமானச் சீட்டு இல்லாமல் படகில் வருகிறவர் என்பதைச் சொல்லி, அவர்களிடம் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

சுவாரோ தீவும் அந்தப் பக்கம்தானே, எது நல்லது?

சுவாரோவும் குக் தீவுகள்தான், வடக்கே. டாம் நீல் என்பவர் 1952 முதல் விட்டுவிட்டு அங்கே ஒண்டியாக வாழ்ந்தார். இப்போது தேசியப் பூங்கா, பருவத்துக்குக் காவலர்கள் மட்டும். தனிமை வேண்டுமென்றால் அங்கே, மனிதர்கள் வேண்டுமென்றால் பாமர்ஸ்டன்.

மறுபடி போவீர்களா?

யாராவது கூப்பிட்டால். அந்த அவசரத்தில் கிளம்பினோமே, குக்கர் மாமாவின் அடுக்களையிலேயே தங்கிவிட்டது. அடுத்து அங்கே போன படகுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார், அதில் இப்போது கோழி வேகிறதாம், பிள்ளைகள் விசில் எண்ணுகிறார்களாம். ஆனால் ரப்பர் வளையம் தளர்ந்து ஓரத்தில் ஆவி போகிறதாம். ஐந்து லிட்டர் அளவுக்கு இரண்டு வளையம் வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், கொடுத்தனுப்ப வேண்டும்.